நான்கு வபிட்டிகளும் பத்தொன்பது ஹவாய் சிப்பாய்களும்

கராச்சிக்கு வெளியே டிரிக் ரோடு என்ற இடத்தில் பிரிட்டிஷ் விமானப்படைக்குப் பெரிய பணிமனை ஒன்று இருந்தது. 1933 ஏப்ரல் 1 அன்று இந்திய விமானப்படையின் முதல் பிரிவு அங்கேதான் உருவானது. 4 விமானங்கள், இங்கிலாந்தின் கிரான்வெல்லில் பயிற்சி பெற்றுத் திரும்பிய 6 இந்திய அதிகாரிகள், 19 ஹவாய் சிப்பாய்கள் (விமானப்படையின் கடைநிலை வீரர்களை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்). ஒரு நாட்டின் விமானப்படை மொத்தமும் அன்றைக்கு இவ்வளவுதான். தலைமை தாங்கியவர் செசில் பௌச்சியர் என்ற ஆங்கிலேய அதிகாரி.

பிரிவுக்கு வைத்த பெயர் '1-ம் ராணுவ ஒத்துழைப்பு ஸ்குவாட்ரன்'. எதிரி விமானங்களோடு வானில் மோதுவது இதன் வேலை இல்லை. தரையில் நடக்கும் காலாட்படைக்கு முன்னால் பறந்து மலைக்கு அந்தப் பக்கம் யார் பதுங்கியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறது என்று திருத்த வேண்டும். சிக்கிக்கொண்ட படைக்குக் குண்டு வீசி வழி திறந்துவிட வேண்டும். இந்திய விமானப்படையைப் பற்றிப் பேசும்போது நமக்குப் போர் விமானங்களின் சாகசங்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்தப் படை பிறந்தது தரைப்படைக்குத் தோள் கொடுக்க. முதல் பன்னிரண்டு ஆண்டுகள் அது பெற்ற பெயரெல்லாம் அந்த வேலையில் பெற்றதே.

வெள்ளைக்காரர்கள் மனமுவந்து கொடுத்த படை அல்ல இது. இந்தியர்களை ராணுவ அதிகாரிகளாக்குவது பற்றி ஆராய 1925-ல் ஸ்கீன் குழு அமைக்கப்பட்டது. மோதிலால் நேரு அதில் இடம்பெற்று இடையில் விலகினார். முகமது அலி ஜின்னாவும் உறுப்பினர். விமானப் பிரிவிலும் இந்தியர்கள் அதிகாரிகளாக வர வேண்டும் என்பது அந்தக் குழுவின் பரிந்துரைகளுள் ஒன்று. இந்திய விமானப்படைச் சட்டம் வர 1932 அக்டோபர் 8 வரை ஆயிற்று. அந்தச் சட்டத்தால் தோன்றிய படை இன்னும் பதினைந்தே ஆண்டுகளில் இரண்டு நாடுகளுக்குப் பிரியப்போகிறது என்று குழுவில் இருந்த எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

முதல் விமானங்களும் புதிய ரகம் அல்ல. வெஸ்ட்லேண்ட் வபிட்டி என்ற இரட்டை இறக்கை விமானம் 1927-ல் வடிவமைக்கப்பட்டபோதே, முதல் உலகப் போர்க் காலத்து டி.எச்.9ஏ விமானங்களின் மிச்ச உதிரிபாகங்களைச் செலவழிக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. அண்ணன் சட்டையைப் பிரித்துத் தம்பிக்குத் தைத்துப் போட்ட மாதிரிதான். துணி போர்த்திய உடல், திறந்த இருக்கை, முன்னால் விமானி, பின்னால் லூயிஸ் துப்பாக்கியோடு ஒருவர். எல்லைப்புற மலைகளின் மீது பறந்த வபிட்டிகளின் பக்கவாட்டில் ஒரு ஸ்டெப்னி சக்கரத்தைக் கட்டி அனுப்புவார்கள். கல்லும் முள்ளுமான இறங்குதளத்தில் டயர் கிழிந்தால் மாற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும் அல்லவா?

அப்படிப்பட்ட விமானத்தைப் பறக்கும் நிலையில் வைத்திருந்தவர்கள் ஹவாய் சிப்பாய்கள். எஞ்சினைப் பார்க்கும் ஃபிட்டர், இறக்கையையும் உடலையும் பார்க்கும் ரிக்கர், குண்டையும் துப்பாக்கியையும் பார்க்கும் ஆர்மரர் என்று அவர்களுக்குள் தொழில் பிரிவுகள் உண்டு. டிரிக் ரோடு பணிமனையில் பிரிட்டிஷ் தொழிலாளிகளிடம் வேலை கற்றார்கள். (சில ஆண்டுகளுக்கு முன், 1927-ல், அதே பணிமனையில் சாதாரண ஏர்கிராஃப்ட்மேனாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று உலகம் அறிந்த டி.இ. லாரன்ஸ். புகழிலிருந்து தப்பிக்கப் பெயரை மாற்றிக்கொண்டு வந்தவர்.) பின்னிருக்கைத் துப்பாக்கியை இயக்கும் வேலைக்கும் ஹவாய் சிப்பாய்களிலிருந்தே ஆட்கள் போனார்கள். அதனால் தரையில் இருப்பவர், பறப்பவர் என்ற கோடு அந்தச் சிறிய ஸ்குவாட்ரனில் பெரிதாக அழுந்தவில்லை.

இவர்களில் ஒருவர் ஹர்ஜிந்தர் சிங். லாகூர் மெக்லகன் பொறியியல் கல்லூரியில் படித்தவர். படிப்புக்கு ஏற்ற உத்தியோகம் வெளியே கிடைத்திருக்கும்; இவரோ அதிகாரி பதவிகூட இல்லாமல், கடைநிலைச் சிப்பாயாகப் படையில் சேர்ந்தார். இந்தியர்களின் கையில் விமானத்தை ஒப்படைத்தால் அது ஒழுங்காகப் பறக்குமா என்ற சந்தேகம் அந்தக் காலத்தில் வெளிப்படையாகவே பேசப்பட்டது. அந்தச் சந்தேகத்துக்குப் பதில் விமானியின் திறமையில் மட்டும் இல்லை, ஸ்பானர் பிடிப்பவரின் கையில் இருக்கிறது என்பதை முதலில் உணர்ந்தவர்களுள் ஹர்ஜிந்தரை வைக்க வேண்டும். இந்த வரலாற்றின் கதாநாயகன் ஒருவரைக் காட்டச் சொன்னால், பதக்கம் வாங்கிய விமானிகளைத் தாண்டி அவரையே காட்டத் தோன்றுகிறது.

தொடக்கம் துயரத்தோடு வந்தது. 6 அதிகாரிகளில் விமானிகள் 5 பேர்: ஹரிஷ் சந்திர சர்க்கார், சுப்ரதோ முகர்ஜி, பூபேந்திர சிங், ஐசத் அவான், அமர்ஜித் சிங். முதல் ஆண்டு முடிவதற்குள் ஒரு விபத்தில் பூபேந்திர சிங்கும் அமர்ஜித் சிங்கும் உயிரிழந்தார்கள். ஐந்து பேரில் இரண்டு பேர் போனால் அந்தச் சின்னஞ்சிறு படைக்கு அது எவ்வளவு பெரிய அடி! ஆனாலும் ஃபிளைட் (ஸ்குவாட்ரனின் உட்பிரிவு) கலையவில்லை. 1936 ஏப்ரலில் இரண்டாவது ஃபிளைட் சேர்ந்தது. மூன்றாவது 1938 ஜூனில்.

போர்க்களமாக அமைந்தது வடமேற்கு எல்லை. ஆப்கானிஸ்தானை ஒட்டிய வடக்கு வஜீரிஸ்தானில் மிரான்ஷா என்ற கோட்டை. அதை ஒட்டி ஒரு விமானத் தளம். 1937-ல் இந்திய வபிட்டிகள் அங்கே போயின. இப்பி ஃபகீர் என்று பெயர் பெற்ற மதத் தலைவரின் பின்னால் பழங்குடியினர் பிரிட்டிஷாருக்கு எதிராகத் திரண்டிருந்த காலம் அது. மலை இடுக்குகளில் ஊர்ந்து போகும் ராணுவ வரிசைக்கு மேலே நாளெல்லாம் வட்டமிடுவதுதான் ஸ்குவாட்ரனின் வேலை.

அன்றைய தொடர்பு முறைகளை இன்று வாசித்தால் வியப்பாக இருக்கும். தரையில் இருப்பவர்கள் விமானியோடு பேச, விரித்து மடிக்கும் துணிப் பலகை ஒன்றைப் பயன்படுத்தினார்கள். பாப்ஹாம் பேனல் என்று பெயர். எந்த மடிப்பைத் திறக்கிறார்கள், எதை மூடுகிறார்கள் என்பதுதான் மொழி. விமானி பதில் சொல்ல, வண்ண வால் கட்டிய ஒரு பையில் சீட்டை வைத்துக் கீழே போடுவார். தரையிலிருந்து நீண்ட கடிதம் அனுப்ப வேண்டுமானால் இரண்டு கம்பங்களை நட்டு, இடையே கயிறு கட்டி, அதில் கடிதப் பையைத் தொங்கவிடுவார்கள். விமானம் தாழப் பறந்து வந்து வயிற்றுக்கு அடியில் தொங்கும் கொக்கியால் அந்தக் கயிற்றைக் கவ்விக்கொண்டு மேலேறும். காற்றடிக்கும் பள்ளத்தாக்கில் அதைச் செய்வதற்கு எவ்வளவு பழக்கம் வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

மலை உச்சிகளில் இருந்தவர்களின் துப்பாக்கிக் குறி பெயர் பெற்றது. பள்ளத்தாக்குக்குள் பறக்கும் விமானத்தை அவர்கள் மேலிருந்தே சுட முடிந்தது. துணியைத் துளைத்த குண்டு உள்ளே எதையும் உடைக்காவிட்டால், மாலையில் ரிக்கர் ஓர் ஒட்டுப் போட்டு டோப் என்ற பூச்சைப் பூசிக் காயவைத்துவிடுவார். மறுநாள் காலை விமானம் கிளம்பிவிடும். எல்லாக் குண்டும் அப்படிக் கருணை காட்டவில்லை. மெஹர் சிங் என்ற இளம் விமானியின் எரிபொருள் தொட்டியை ஒரு குண்டு துளைத்தது. பள்ளத்தாக்கிலேயே விமானத்தை இறக்க வேண்டியதாயிற்று. அவரும் பின்னிருக்கையில் இருந்த குலாம் அலியும் இருட்டும்வரை மறைந்திருந்து, இரவோடு இரவாக நடந்து ராணுவத்தினர் இருந்த இடத்தை அடைந்தார்கள். விமானிகளின் சட்டைப் பையில் உள்ளூர் மொழியில் எழுதிய ஒரு கடிதம் எப்போதும் இருக்கும்: இவரை உயிரோடு திருப்பிக் கொடுத்தால் சன்மானம் உண்டு.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோவது நேர்மை ஆகாது. அந்த மலைகளில் குண்டு விழுந்தது போராளிகள் மீது மட்டும் அல்ல. முன்கூட்டித் துண்டுப் பிரசுரம் வீசி, ஊரைக் காலி செய்யச் சொல்லி, பிறகு வீடுகளை இடிப்பது பிரிட்டிஷ் எல்லைக் கொள்கையின் ஒரு பகுதி. 'தடை செய்யப்பட்ட பகுதி' என்று ஒரு பள்ளத்தாக்கையே அறிவித்து, அங்கே நடமாடும் எதையும் இலக்காக்குவதும் உண்டு. அடிமைப்பட்ட ஒரு நாட்டின் முதல் விமானிகள், அதே ஆட்சியை எதிர்த்த இன்னொரு மக்களின் மீது பறந்து தொழில் கற்றார்கள். அவர்களின் துணிச்சலை எழுதும் கை இதையும் எழுத வேண்டும். கீழே இருந்த பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அந்த எஞ்சின் சத்தம் என்னவாக ஒலித்திருக்கும்? விமானிகளின் நினைவுக் குறிப்புகளில் அதற்கு இடம் மிகக் குறைவு.

1939 மார்ச்சில் சுப்ரதோ முகர்ஜி ஸ்குவாட்ரனின் தலைமையை ஏற்றார். ஒரு ஸ்குவாட்ரனை வழிநடத்திய முதல் இந்தியர் அவர். ஆறு மாதத்தில் இரண்டாம் உலகப் போர் மூண்டது.

1941-ல் வபிட்டிக்கும் அதன்பின் வந்த ஹாக்கர் ரகங்களுக்கும் பதிலாக லைசாண்டர் வந்தது. பம்பாய் மக்கள் போர் நிதிக்குக் கொடுத்த பணத்தில் வாங்கிய 12 விமானங்கள் அவை. உயரமான ஒற்றை இறக்கை, மிகக் குறைந்த நீளத்தில் ஏறி இறங்கும் திறன். வயல்வெளியில்கூட இறக்கலாம் என்பதால் தரைப்படையோடு சேர்ந்து வேலை செய்வதற்கென்றே வடிவமைத்த விமானம். வேகம்தான் இல்லை. நவீனப் போர் விமானம் ஒன்று துரத்தினால் தப்புவது கடினம் என்று 1940-ல் பிரான்சிலேயே தெரிந்துபோயிருந்தது. அந்த லைசாண்டர்களை எடுத்துக்கொண்டுதான், கருண் கிருஷ்ண மஜும்தார் தலைமையில், ஸ்குவாட்ரன் பர்மாவுக்குப் புறப்பட்டது.

1942 பிப்ரவரி 1. டவுங்கூ தளத்தில் வந்து இறங்கினார்கள். இறங்கிய உடனேயே ஜப்பானிய விமானங்கள் வந்து தளத்தைத் தாக்கின. லைசாண்டர்களைத் தளத்தின் ஓரங்களில் பிரித்து மறைத்து வைத்திருந்ததால் அவை தப்பின. தாக்கியவர்கள் தாய்லாந்து எல்லைக்குள் இருக்கும் மே ஹாங் சான் தளத்திலிருந்து வந்தவர்கள். திருப்பி அடிக்க வேண்டும் என்று மஜும்தார் முடிவு செய்தார். ஆனால் கையில் இருந்ததோ உளவு பார்க்கவும் செய்தி எடுக்கவும் வந்த விமானம். அதில் 250 பவுண்டு குண்டுகளை மாட்டத் தாங்கிகள் வேண்டும்.

அந்த வேலை வாரண்ட் ஆபீசராகியிருந்த ஹர்ஜிந்தர் சிங்கிடமும் அவருடைய ஆட்களிடமும் வந்தது. தாக்குதலுக்கு உள்ளான ஒரு முன்னணித் தளத்தில், கைக்குக் கிடைத்ததை வைத்துக் குண்டுத் தாங்கிகளைப் பொருத்தினார்கள். தொழிற்சாலை வரைபடமும் இல்லை, சோதித்துப் பார்க்க நேரமும் இல்லை. குண்டு சரியாக விடுபடாவிட்டால் விமானியின் உயிர் போகும் என்பது பொருத்தியவர்களுக்குத் தெரியும், ஏறியவருக்கும் தெரியும். மஜும்தார் தனி லைசாண்டரில், பிரிட்டிஷ் விமானப்படையின் பஃபலோ விமானங்கள் துணைக்கு வர, காட்டை உரசியபடி தாழப் பறந்து மே ஹாங் சானை அடைந்து அங்கிருந்த விமானக் கொட்டகையின் மீது குண்டுகளைப் போட்டுத் திரும்பினார். மறுநாள் ஸ்குவாட்ரனின் மற்ற லைசாண்டர்களும் கிளம்பிப் போய் அதே தளத்தை மீண்டும் தாக்கின.

குண்டுவீச்சுக்கென்று செய்யப்படாத விமானத்தை, பராமரிப்பு ஆட்களின் கைவேலையை நம்பி, குண்டுவீச்சுக்குக் கொண்டுபோன இந்த நிகழ்ச்சி அப்போதே பேசப்பட்டது. மஜும்தாருக்கு, போர்ப் பறப்பில் காட்டும் துணிவுக்கான டி.எஃப்.சி. பதக்கம் கிடைத்தது. அந்தப் போரில் இந்திய விமானப்படைக்குக் கிடைத்த முதல் டி.எஃப்.சி. அதுவே.

பர்மாவைக் காப்பாற்ற அது போதவில்லை. மார்ச் 8-ல் ரங்கூன் வீழ்ந்தது. ஸ்குவாட்ரன் இந்தியாவுக்குத் திரும்பியது. அதே வாரங்களில் அதே நாட்டின் சாலைகளில் பல லட்சம் இந்தியர்கள் மூட்டை முடிச்சுகளோடு அராக்கான் கணவாய்களையும் மணிப்பூர் மலைகளையும் நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள் அவர்களில் ஏராளம். வழியில் காலராவிலும் பசியிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. தமிழ்நாட்டுக் குடும்பங்களில் இன்றும் வழங்கும் பர்மா நடைக் கதைகள் அந்த வாரங்களின் கதைகள்.

ஒரு ஸ்குவாட்ரனாக இருந்த படை அதன்பின் வேகமாகப் பெருகியது. அதில் ஒரு பகுதி திருச்சிராப்பள்ளியில் நடந்தது. 1942 டிசம்பரில் 6-ம் ஸ்குவாட்ரன் அங்கே தொடங்கப்பட்டது. தலைவர், வஜீரிஸ்தானில் விழுந்து இரவெல்லாம் நடந்து வந்த அதே மெஹர் சிங். ஹரிக்கேன் விமானங்களோடு அராக்கான் போர்முனைக்குப் போன இந்த ஸ்குவாட்ரனுக்கு '14-ம் ராணுவத்தின் கண்கள்' என்ற பெயர் வந்தது. பழைய ரக ஹரிக்கேன்களில் ஜோடி ஜோடியாகப் பறப்பார்கள். ஒருவர் தரையையே பார்ப்பார். மற்றவர் வானத்தைப் பார்த்து அவருக்குக் காவல். பர்மா போர்முனையில் நின்ற 14-ம் ராணுவத்தின் தளபதி ஸ்லிம் தம் போர் நினைவு நூலில் இந்த விமானிகளின் துணிவைத் தனியாக எடுத்துப் பாராட்டியிருக்கிறார். மெஹர் சிங்குக்குக் கிடைத்த உயர்ந்த போர் விருதான டி.எஸ்.ஓ. பதக்கம், அந்தப் போரில் இந்திய விமானப்படையில் வேறு எவருக்கும் கிடைக்கவில்லை.

1-ம் ஸ்குவாட்ரன் 1944 பிப்ரவரியில் இம்பாலுக்குப் போனது. தலைவர் அர்ஜன் சிங், வயது 24. அவர்களும் ஹரிக்கேன்களுக்கு மாறியிருந்தார்கள். வேலை மாறவில்லை: காட்டுக்குள் எதிரி எங்கே நகர்கிறான் என்று பார்த்து வந்து ராணுவத்திடம் சொல்வது. மார்ச் கடைசியில் ஜப்பானியர் கோஹிமா சாலையை அறுத்தார்கள். ஜூன் 22 வரை இம்பால் சமவெளிக்குத் தரைவழி இல்லை. அரிசி, பெட்ரோல், குண்டு, மருந்து எல்லாம் ஆகாய மார்க்கமாக மட்டும்.

முற்றுகைக்குள் ஒரு விமானத் தளத்தை நடத்துவது எத்தகைய வேலை! பகலில் எஞ்சினுக்கு அடியில் இருந்தவர்கள் இரவில் துப்பாக்கியோடு பதுங்குகுழியில் காவல் இருந்தார்கள். தளத்தைச் சிறுசிறு காவல் வட்டங்களாகப் பிரித்து, அந்தந்த வட்டத்தை அங்கே வேலை பார்ப்பவர்களே காக்க வேண்டும் என்று ஏற்பாடு. உணவுப் பங்கு குறைந்தது. கோடையில் ஓடுபாதைத் தூசி எஞ்சினுக்குள் புகுந்தது; மழை தொடங்கியதும் சேறு. இம்பாலுக்குத் தெற்கே பாலேல் தளத்தில் ஓர் இரவு ஜப்பானியர் புகுந்து, நின்றிருந்த விமானங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்தப் போர்முனையில் ஜப்பானியரோடு நின்றது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். அதன் வரிசைகளில் மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் கணிசமாக இருந்தார்கள். இம்பாலைச் சுற்றி இரண்டு பக்கமும் இந்தியர்கள், இரண்டு பக்கமும் தாய்நாட்டுக்காக என்றே நம்பியவர்கள்.

தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியான மவுண்ட்பேட்டன் ஜூனில் இம்பால் தளத்துக்கே வந்து அர்ஜன் சிங்கின் நெஞ்சில் டி.எஃப்.சி. பதக்கத்தைக் குத்தினார். ஸ்குவாட்ரன் 14 மாதங்கள் அந்தப் போர்முனையிலேயே இருந்தது. அவ்வளவு நீண்ட காலம் அது பறக்க முடிந்ததற்குக் காரணமானவர்களில் மிகப் பெரும்பாலோரின் பெயரைப் பொது வரலாறு பதியவில்லை. போர் முடிந்தபோது படையில் சுமார் 28,500 பேர். அவர்களில் அதிகாரிகள் சுமார் 1,600 பேர்தான். மீதிப் பேரில் பெரும்பாலோர் தரையில் நின்றவர்கள். 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தபோது அவர்களுக்கு ஆதரவாக வேலைநிறுத்தம் செய்த விமானப்படையினர் இந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள்.

அடுத்த ஆண்டு நாடு பிரிந்தது. டிரிக் ரோடு, பெஷாவர், மிரான்ஷா என ஸ்குவாட்ரன் பிறந்து வளர்ந்த இடங்கள் எல்லாம் பாகிஸ்தானுக்குப் போயின. முதல் ஐவரில் ஒருவரான அவான் பாகிஸ்தான் விமானப்படையைத் தேர்ந்தெடுத்தார். முகர்ஜி இந்தியாவில் இருந்து, 1954-ல் விமானப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஆனார். மஜும்தார் அதைப் பார்க்க இல்லை. 1945 பிப்ரவரியில் லாகூரில் நடந்த விமானக் காட்சியில் அவருடைய ஹரிக்கேன் விழுந்துவிட்டது. மெஹர் சிங் 1948-ல் லடாக்கின் லேயில் முதல் டக்கோட்டா விமானத்தை இறக்கினார். மறு ஆண்டு புயலில் சிக்கி மாண்டார். 1-ம் ஸ்குவாட்ரனின் எண் சில ஆண்டுகள் யாருக்கும் இல்லாமல் இருந்து, 1953-ல் 15-ம் ஸ்குவாட்ரனுக்கு அளிக்கப்பட்டது. குவாலியரில் மிராஜ் 2000 விமானங்களை இயக்கும் ஸ்குவாட்ரன்களுள் அதுவும் ஒன்று.

ஹர்ஜிந்தர் சிங்? கடைநிலைச் சிப்பாயாகத் தொடங்கியவர் ஏர் வைஸ் மார்ஷல் ஆனார். கான்பூரில் பராமரிப்புத் தலைமையகம் அவர் பொறுப்பில் வந்தது. வெளியிலிருந்து வாங்கிக்கொண்டே இருக்கக் கூடாது, நாமே கட்ட வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. 'கான்பூர்-1' என்ற சிறிய விமானத்தைக் கட்டிப் பறக்கவிட்டார். அதன் பிறகு பிரிட்டிஷ் அவ்ரோ 748 பயணிகள் விமானத்தை உரிமம் பெற்றுக் கான்பூரில் தயாரிக்கும் வேலை வந்தது. போர் விமானங்களைப் பழுது பார்த்துப் பழகிய ஆட்களைக் கொண்டே அதையும் செய்தார். முதல் விமானம் 1961 நவம்பரில் பறந்தது. அதற்கு ஓராண்டு முன்பு டோக்கியோவில் எதிர்பாராமல் இறந்துபோன ஹர்ஜிந்தரின் பழைய ஸ்குவாட்ரன் தலைவர் சுப்ரதோ முகர்ஜியின் நினைவாக அதற்கு 'சுப்ரதோ' என்று பெயர் சூட்டினார்கள். கான்பூரின் அந்தத் தயாரிப்புக் கூடம் பின்னர் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அதன் போக்குவரத்து விமானப் பிரிவாயிற்று.